‘எனக்குச் சொல்லவே இல்லை’ என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி

போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தாலும் சரி, விசாரணைக்குக் கூட்டிப்போனவர் பிணமாகத் திரும்பினாலும் சரி, ஆட்சியில் இருப்பவரிடம் மைக்கை நீட்டினால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: எனக்குத் தகவல் வரவில்லை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாள் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளையும் சேர்த்து 13 பேர் இறந்தார்கள். காவல்துறையைத் தன் பொறுப்பில் வைத்திருந்த அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, சம்பவத்தைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-இல் கொடுத்த அறிக்கை, அந்தக் கூற்று சரியல்ல என்றது. தலைமைச் செயலாளர் கிரிஜா வைத்தியநாதன், டி.ஜி.பி. டி.கே.ராஜேந்திரன், உளவுத்துறை ஐ.ஜி. கே.என்.சத்தியமூர்த்தி ஆகியோர் முதல்வருக்கு உடனுக்குடன் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது ஆணையத்தின் முடிவு.

ஒரு வாக்கியம் பொய்யா மெய்யா என்று தெரிய நான்கு ஆண்டு ஆயிற்று. அந்த வாரமே சரியான இடத்தில் சரியான கேள்விகள் விழுந்திருந்தால் இவ்வளவு நாள் ஆகியிருக்காது. மாவட்ட நிருபர்கள், எம்.எல்.ஏ.க்களுக்குக் குறிப்பு எடுத்துக் கொடுப்பவர்கள், மனித உரிமை வழக்குகளில் ஓடியாடுகிறவர்கள் ஆகியோருக்காக அந்த வேலையின் விவரம் இங்கே.

‘தெரியாது’ என்று ஒரு தலைவர் சொன்னால் நிருபர்கள் வழக்கமாகக் கேட்பது ‘ஏன் தெரியாது?’ என்றுதான். அது வீணாய்ப்போகும் கேள்வி. ‘ஏன்’ என்றால் விளக்கம் வரும், விளக்கத்தை எப்படி வேண்டுமானாலும் நீட்டலாம், சுருக்கலாம். ‘யார், எத்தனை மணிக்கு, எந்த வழியில்’ என்று கேட்டால் பதில் ஒரு பெயராகவோ நேரமாகவோ காகிதமாகவோதான் இருக்க முடியும். தகவல் போயிருந்தால் தலைவர் மறைக்கிறார். போகவில்லை என்றால் சொல்லவேண்டிய அதிகாரி கடமை தவறியிருக்கிறார், அவர்மீது நடவடிக்கை இருக்கவேண்டும். இரண்டில் ஒன்றுதான் உண்மை. கேள்வி கேட்பவரின் வேலை, தலைவரை ஏதாவது ஒரு பக்கம் நிற்கவைப்பது.

தகவல் போகும் வழிகள்

முதலில் பாதை தெரிந்திருக்கவேண்டும். ஒரு மாவட்டத்தில் நடக்கும் போலீஸ் சம்பவம் கோட்டைக்குப் போக ஒரு வழி அல்ல, மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, சட்டம் ஒழுங்கு வரிசை. ஸ்டேஷன், டி.எஸ்.பி., எஸ்.பி., டி.ஐ.ஜி., ஐ.ஜி., ஏ.டி.ஜி.பி., டி.ஜி.பி., பிறகு உள்துறைச் செயலாளர். இரண்டு, உளவுப் பிரிவு. மாவட்டத்தில் இருக்கும் எஸ்.பி.சி.ஐ.டி. (காவல்துறையின் உளவுப் பிரிவு) ஆள் கூட்டத்துக்குள்ளேயே நிற்பார், அவர் தகவல் எஸ்.பி.யைக் கேட்டுக்கொண்டு போவதில்லை, நேராக மேலே போகும். உளவுத்துறைத் தலைவர் முதல்வரைத் தினமும் சந்திக்கும் வழக்கமுள்ளவர். மூன்று, வருவாய்த்துறை. வி.ஏ.ஓ., தாசில்தார், ஆர்.டி.ஓ. அல்லது சப் கலெக்டர், கலெக்டர், அங்கிருந்து தலைமைச் செயலாளர். காவல் மரணம் சிறையில் நடந்தால் நான்காவதாகச் சிறைத்துறை வரிசையும் சேரும்.

முதல்வருக்குத் தெரியவில்லை என்றால் மூன்று குழாயும் ஒரே மதியத்தில் அடைத்துக்கொண்டதாக அர்த்தம். ஆகவே ‘டி.ஜி.பி. உங்களிடம் சொல்லவில்லையா?’ என்று ஒற்றை வழியைப் பற்றிக் கேட்காதீர்கள். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மூன்றையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள்.

பாதை மேலே போவதோடு முடிவதில்லை. மேலிருந்து என்ன உத்தரவு கீழே வந்தது, மக்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று இன்னும் இரண்டு பக்கம் இருக்கின்றன. நிருபர் கூட்டம் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. உண்மையில் சர்ச்சை பெரிதாவது மற்ற இரண்டால்தான்.

நேரக்கோடு போடுங்கள்

கேள்வி எழுதுவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: நேரம், இடம், நடந்தது, இது யாருக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஆதாரம். ஆதாரப் பத்தி காலியாக இருக்கும் வரியை வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. ஒரு நேரம் தப்பாகச் சொன்னால் போதும், தலைவர் அதைத் திருத்திவிட்டு மீதி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவார்.

தூத்துக்குடியை இப்படி வரிசைப்படுத்தினால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். மே 20: சமாதானக் கூட்டம். மே 21 இரவு: 144 தடை உத்தரவு. மே 22: ஊர்வலம், கலெக்டர் அலுவலகத்தில் துப்பாக்கிச் சூடு, அதன்பின் மூன்றாவது மைல், எஃப்.சி.ஐ. குடோன் ரவுண்டானா, திரேஸ்புரம் என்று வேறு இடங்களிலும் சூடு. மே 23: அண்ணா நகரில் மறுபடி சூடு, ஒரு இளைஞர் பலி. அதே நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் முடக்கம், கலெக்டரும் எஸ்.பி.யும் மாற்றம். மே 28: ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை.

இந்த வரிசையைப் பார்த்ததும் எழும் கேள்வி ‘உங்களுக்கு எப்போது தெரியும்’ என்பது அல்ல. தொலைக்காட்சியில்தான் பார்த்தேன் என்பதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு முதல் செய்தி ஓடியது என்பதற்குப் பதிவு இருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து முதல்வருக்குத் தெரியும், அவர் வாயாலேயே. அதற்குப் பிறகு மறுநாள் அண்ணா நகர் சூடு வரை அவர் டி.ஜி.பி.க்கு என்ன உத்தரவு போட்டார்? எழுத்திலா, போனிலா? ‘இனி சுடக்கூடாது’ என்று ஒரு வரி போனதா? தெரியாது என்ற பதிலால் முதல் தோட்டாவுக்கு மட்டும்தான் தப்பிக்க முடியும். கடைசித் தோட்டாவுக்கு அந்தப் பதில் பொருந்தாது. இந்த வகைச் சம்பவம் எதிலும் முதல் நிகழ்வுக்கும் கடைசி நிகழ்வுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

யார் எங்கே இருந்தார்கள் என்பதும் நேரக்கோட்டில் வரவேண்டும். தூத்துக்குடி முதல் தகவல் அறிக்கைகளில் சுட உத்தரவு கொடுத்தவர்களாக வந்தது துணைத் தாசில்தார்களின் பெயர். கலெக்டர் அன்று கோவில்பட்டியில் இருந்தார் என்று ஆணையம் பதிவு செய்தது. பல்லாயிரம் பேர் திரளும் நாளில் அந்த அதிகாரம் துணைத் தாசில்தார் கைக்கு எப்படி வந்தது, அவர்களுக்கு அந்தப் பணியை ஒதுக்கிய ஆணை எந்தத் தேதி, எந்த நேரம் என்பது காகிதத்தை இழுக்கும் கேள்வி. ‘யார் சுடச் சொன்னது?’ என்று பொதுவாகக் கத்தினால் காகிதம் வராது.

கேள்வியை எழுதும் விதம்

ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான். இரண்டு இருந்தால் எளிதானதுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ‘கொடூரமான’, ‘அராஜகமான’ போன்ற அடைமொழிகளை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பதில் அந்தச் சொல்லுக்கு வரும், சம்பவத்துக்கு வராது. ‘உங்கள் கருத்து என்ன?’, ‘வருத்தப்படுகிறீர்களா?’ இரண்டும் தலைவருக்கு ஓய்வு கொடுக்கும் கேள்விகள். ‘பொறுப்பேற்றுப் பதவி விலகுவீர்களா?’ என்பது தலைப்புக்கு நன்றாக இருக்கும், ‘மாட்டேன்’ என்பதோடு பேட்டி முடிந்துவிடும். அதை வைத்துக்கொள்வதானால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ள வரிசை பெரும்பாலான சம்பவங்களுக்குப் பொருந்தும். இடத்தையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதும்.

1. இந்தச் சம்பவம் பற்றி முதன்முதலில் உங்களுக்குச் சொன்ன அதிகாரி யார், எத்தனை மணிக்கு?
2. போனிலா, நேரிலா, எழுத்திலா? எழுத்தில் என்றால் அந்தக் குறிப்பு எந்தக் கோப்பில் இருக்கிறது?
3. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் உளவுப் பிரிவிலிருந்து எச்சரிக்கை ஏதும் வந்ததா?
4. செய்தி தெரிந்ததும் நீங்கள் கொடுத்த முதல் உத்தரவு என்ன, யாருக்கு?
5. உங்கள் அறிக்கையில் இருக்கும் மரணக் காரணம் எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது?
6. உங்களுக்குத் தகவல் சொல்லாத அதிகாரிக்குக் குறிப்பாணை கொடுத்தாகிவிட்டதா, எந்தத் தேதியில்?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் ‘உளவுத் தகவலைப் பொதுவெளியில் சொல்ல முடியாது’ என்று வரும். தகவலின் உள்ளடக்கம் வேண்டாம், வந்ததா இல்லையா என்பது மட்டும் போதும் என்று சொல்லுங்கள். ஐந்தாவது ஏன் முக்கியம் என்பதற்குச் சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூனில் அங்கே தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் சித்திரவதைக்கு ஆளாகி, கோவில்பட்டி கிளைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குப் போய் அடுத்தடுத்து இறந்தார்கள். ஜூன் 24 அன்று முதல்வர் பழனிசாமி பெயரில் வந்த அறிக்கை ஒருவருக்கு மூச்சுத்திணறல், மற்றவருக்கு உடல்நலக் குறைவு என்று சொன்னது. பின்னால் சி.பி.ஐ. ஒன்பது போலீஸார்மீது கொலைக் குற்றப்பத்திரிகை போட்டது. அந்த அறிக்கையை வரைவு செய்தது எந்தப் பிரிவு, பிரேதப் பரிசோதனை முடிவு கையில் இருந்ததா, இல்லையென்றால் காரணம் எழுதச் சொன்னது யார்? முதல்வர் பொய் சொன்னார் என்று கூச்சல் போடுவதைவிட, அந்த வரி எந்த மேசையிலிருந்து வந்தது என்று தேடினால் பொய்யின் பிறப்பிடம் தெரியும். பெரும்பாலும் அது ஸ்டேஷனில் எழுதிய முதல் தகவல் அறிக்கையாகவே இருக்கும். தரையில் உருண்டு புரண்டதில் உட்காயம் என்று சாத்தான்குளம் ஸ்டேஷன் எழுதியிருந்தது. 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி இறந்தபோது, தப்பியோடி விழுந்தார், வலிப்பு வந்தது என்று எழுதப்பட்டது. ஆட்சி மாறியும் எழுத்து மாறவில்லை.

அரசின் அறிக்கையில் இல்லாத சொல்லையும் தேடுங்கள். 2018 மே 29 அன்று சட்டப்பேரவையில் தூத்துக்குடி பற்றி முதல்வர் அளித்த அறிக்கையில் துப்பாக்கிச் சூடு என்ற சொல்லே இல்லை என்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலின் சுட்டிக்காட்டினார். விட்டுப்போன சொல் எது என்று பார்த்தாலே எந்த இடத்தில் கேள்வி வைக்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பேட்டியில்

நம் ஊர் தலைவர்கள் இப்படிப்பட்ட நாட்களில் உட்கார்ந்து பேட்டி கொடுப்பதில்லை. விமான நிலைய வாசல், கார் கதவு, ஏதாவது திறப்பு விழா. கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு கேள்வி. அங்கே நீளமான முன்னுரை போட்டால் பாதியில் கார் கிளம்பிவிடும். ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்கு உண்மை ஒன்று, உடனே கேள்வி ஒன்று: ‘நேற்று சாயங்காலமும் சூடு நடந்திருக்கிறது சார், முதல் சூட்டுக்கப்புறம் நீங்க டி.ஜி.பி.க்கு என்ன உத்தரவு போட்டீங்க?’

போட்டிச் சேனல்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் வராமல் தலைவர் அடுத்தவர் பக்கம் திரும்பினால், அவர் தன் கேள்வியை விட்டுவிட்டு ‘இவர் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே சார்’ என்று மட்டும் சொன்னால் போதும். பத்து பேர் பத்துக் கேள்வி கேட்பதைவிட ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பது தலைவரைத் திணறவைக்கும். தனிப் பெருமைக்காக இதைச் செய்யாமல் இருப்பதுதான் நம் தொழிலின் சாபம்.

முழுப் பேட்டியையும் வெட்டாமல் பதிவு செய்து, தேதி நேரத்தோடு வைத்திருங்கள். பின்னால் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ ‘அப்படிச் சொல்லவில்லை’ என்று வரும்போது வெட்டி ஒட்டிய துண்டுக்கு மதிப்பு கிடையாது.

தப்பிக்கும் பதில்கள் ஐந்தாறுதான். அவற்றுக்கு முன்கூட்டியே தயாராகலாம்.

‘விசாரணை நடக்கிறது.’ விசாரணை நடப்பது யார் சுட்டார், யார் அடித்தார் என்பது பற்றி. உங்களுக்கு எத்தனை மணிக்குப் போன் வந்தது என்பதை நீங்கள் சொல்ல எந்த விசாரணை அதிகாரியின் அனுமதியும் வேண்டாம்.

‘வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது.’ இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருக்கிறதா, எந்த வழக்கில், எந்தத் தேதியில்? பெரும்பாலும் அப்படி ஒரு உத்தரவே இருக்காது.

‘சம்பந்தப்பட்டவரை மாற்றியாகிவிட்டது.’ மாறுதலும், பதவி ஒதுக்காமல் காத்திருப்போர் பட்டியலில் வைப்பதும் தண்டனை அல்ல. காவலர் முதல் இன்ஸ்பெக்டர் வரை என்றால் 3(பி) குறிப்பாணை, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு ஆணை, கொடுத்தீர்களா என்று கேளுங்கள். ஐ.பி.எஸ். என்றால் 1969-ஆம் ஆண்டு அகில இந்தியப் பணி ஒழுங்கு விதிகளில் விதி 8-இன்படியா, 10-இன்படியா என்று கேளுங்கள். முன்னது பெரிய தண்டனைக்கு, பின்னது சிறியதற்கு. விதி எண்ணைச் சொல்லிக் கேட்டால் பக்கத்தில் நிற்கும் அதிகாரியின் முகமே பதில் சொல்லிவிடும்.

‘சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்.’ இது கேள்வி கேட்பவருக்குக் கிடைக்கும் வரப்பிரசாதம். இந்தத் தகவல் உங்களுக்கு எப்போது கிடைத்தது? சம்பவத்துக்கு முன்னால் என்றால் உளவு வழி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது, ‘எனக்குத் தெரியாது’ அங்கேயே உடைகிறது. பின்னால் என்றால், சுட்டதற்குக் காரணமாக அதைச் சொல்ல முடியாது. தூத்துக்குடியில் இந்த வாதத்தையும் அரசு சொன்னது.

‘போன ஆட்சியில நடக்கலையா?’ நடந்தது என்று ஒப்புக்கொண்டுவிடுங்கள். ‘நடந்தது சார், அதையும் கேட்டோம். இப்ப இதுக்குச் சொல்லுங்க.’ மறுத்துப் பேச ஆரம்பித்தால் பேட்டி அங்கேயே மூழ்கிவிடும்.

சட்டப்பேரவையில்

கேள்வி நேரத்துக்கு வினா கொடுத்தால் அது அவைக்கு வரும்போது சம்பவம் ஆறிப்போயிருக்கும். சூட்டோடு சூடாக என்றால் கவன ஈர்ப்பு, ஒத்திவைப்புத் தீர்மானம். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் என்று பேரவைத் தலைவர் மறுக்க வாய்ப்பு உண்டு என்பதால், குற்றத்தைப் பற்றி எழுதாமல் தகவல் தொடர்பைப் பற்றி மட்டும் எழுதிக் கொடுங்கள்: மாவட்ட நிர்வாகத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் இடையே தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட தாமதம் குறித்து. அந்த அளவுக்கு எந்த வழக்கும் நிலுவையில் இருக்காது.

முதல்வர் பேரவை விதி 110-இன்கீழ் அறிக்கை வாசிக்கப்போகிறார் என்று தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அதன்மீது விவாதம் கிடையாது. துணைக்கேள்வியும் கேட்க முடியாது. பதில் சொன்ன மாதிரியும் ஆயிற்று, கேள்வியிலிருந்து தப்பித்த மாதிரியும் ஆயிற்று. உண்மையான வாய்ப்பு காவல்துறை மானியக் கோரிக்கை விவாதம்தான். அன்று உள்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு அவையில் வைக்கப்படும், துறைப் பொறுப்பாளர் பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் குறிப்பில் காவல் மரணம் பற்றி இருக்கும் எண்ணிக்கையை, அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் ஒன்றிய உள்துறை கொடுத்த மாநில வாரி எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அதுவே ஒரு கேள்வி.

காகிதத்தை இழுப்பது

வாய்ப்பதிலுக்குப் பின்னால் ஆவணம் இல்லையென்றால் எல்லாம் காற்றோடு போய்விடும். தகவல் உரிமைச் சட்டம் 2005 இன்னும் கைகொடுக்கிறது, ஒழுங்காகக் கேட்டால்.

முதல் விதி: ‘ஏன்’, ‘எதற்காக’ என்று கேட்டால் நிராகரிப்பு நிச்சயம். பொதுத் தகவல் அலுவலர் கையில் இருக்கும் பதிவைத்தான் தரவேண்டும், விளக்கம் எழுதித் தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் சி.பி.எஸ்.இ. வழக்கில் சொல்லியிருக்கிறது. பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறைப் பதிவேடு, வயர்லெஸ் செய்திப் பதிவேடு, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு, பந்தோபஸ்துத் திட்டம், ஆயுதப்படைத் தோட்டா இருப்புப் பதிவேடு, தடை உத்தரவின் நகல், கலெக்டர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை. பெயர் வேண்டாம், பதவியைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் ‘தனிப்பட்ட தகவல்’ என்று 8(1)(ஜே)-வைக் காட்டுவார்கள்.

இரண்டாவது: ஒரே மனுவை ஒரே இடத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரே கடிதம் மேலே போனபோது ஒரு பதிவு, வந்து சேர்ந்தபோது ஒரு பதிவு இருக்கும். எஸ்.பி. அலுவலகம், கலெக்டர் அலுவலகம், டி.ஜி.பி. அலுவலகம், தலைமைச் செயலக உள்துறை என்று நான்கு மனு. எஸ்.பி. 2.10-க்கு அனுப்பியதாகச் சொல்லி உள்துறை 6 மணிக்கு வந்ததாகச் சொன்னால், இடையில் போன நேரம்தான் உங்கள் செய்தி.

மனு இப்படி இருந்தால் போதும்:

‘......... அன்று ......... என்ற இடத்தில் நடந்த சம்பவம் தொடர்பாக, அன்று காலை 6 மணி முதல் மறுநாள் நள்ளிரவு வரை (1) தங்கள் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டின் பக்கங்களின் நகல், (2) தங்கள் அலுவலகத்திலிருந்து அரசு உள்துறைக்கும் காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்ட கடிதம், மின்னஞ்சல், தொலைநகல் செய்திகளின் நகல், அனுப்பிய நேரத்துடன், (3) அந்த அலுவலகங்களிலிருந்து பெறப்பட்ட அறிவுறுத்தல்களின் நகல், பெறப்பட்ட நேரத்துடன், (4) மேற்படி பதிவேடுகளை எவ்வளவு காலம் பாதுகாக்கவேண்டும் என்ற விதியின் நகல் ஆகியவற்றை வழங்கவும்.’

நான்காவது வரியை விட்டுவிடாதீர்கள். ‘பதிவு அழிக்கப்பட்டுவிட்டது’ என்று பிறகு சொல்ல விடாமல் தடுப்பது அதுதான். கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பாகவே ஒட்டலாம். காரணம் சொல்லவேண்டியதில்லை. 30 நாளில் பதில் வரவேண்டும். ஒருவர் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். யாரையாவது பிடித்துப்போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில் இதைப் பயன்படுத்தலாம். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மறுப்பு இரண்டு வகையில் வரும். ‘புலன் விசாரணை பாதிக்கும்’ என்று 8(1)(எச்). விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, இந்த ஆவணத்தைக் கொடுத்தால் எப்படிப் பாதிக்கும் என்று காட்டவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் பகத் சிங் வழக்கில் தீர்த்திருக்கிறது. மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள். இன்னொன்று, உளவுப் பிரிவுக்கு மாநில அரசு கொடுத்திருக்கும் விலக்கு, பிரிவு 24(4). அதே பிரிவில் மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுக்கு விலக்கு இல்லை என்றும் இருக்கிறது. அப்போது தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தரவேண்டும். மனுவிலேயே ‘மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பானது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதைவிட அவசரமான ஒன்று உண்டு: சி.சி.டி.வி. சாத்தான்குளம் ஸ்டேஷனில் ஹார்டு டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஸ்டேஷன் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கவேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டு என்றது. சம்பவம் தெரிந்த அன்றே பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் போகவேண்டும், குடும்பத்தின் வழக்கறிஞர் பெயரில் போனால் இன்னும் நல்லது. அதிகாரிகளின் போன் அழைப்பு விவரம் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் இரண்டு ஆண்டு இருக்கும். அதை நீங்கள் வாங்க முடியாது, ஆனால் பாதுகாக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்க முடியும். தலைவருக்கு யார் எப்போது போன் போட்டார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மக்களுக்குச் சொல்லாதது

தூத்துக்குடியில் இணையத்தை நிறுத்தியபோது அரசு சொன்ன காரணம் வதந்தி பரவுகிறது என்பது. வதந்தியை நிறுத்த ஒரே வழி நம்பும்படியான தகவல், அதைத் தரவேண்டியது அரசு. ஆகவே இணைய முடக்கம் நடந்தால் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். உத்தரவில் கையெழுத்திட்டது யார்? மாநிலத்தில் அந்த அதிகாரம் உள்துறைச் செயலாளருக்கு உரியது. ஐந்து நாளுக்குள் மறுஆய்வுக் குழு கூடிப் பார்த்ததா? உத்தரவை வெளியிடவேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 2024-இல் வந்த புதிய விதிகளிலும் அது இருக்கிறது. வெளியிடாத உத்தரவு என்றால் நகலைக் கேட்பதே முதல் கேள்வி.

இறந்தவர்கள், காயம்பட்டவர்கள் பட்டியலை அரசு எப்போது வெளியிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குச் சொன்னது யார், எத்தனை மணிக்கு? ஆஸ்பத்திரி வாசலில் நின்ற உறவினர்கள் அதைத் துல்லியமாகச் சொல்வார்கள். அவர்கள் பெயரையும் முகத்தையும் அனுமதியில்லாமல் போடவேண்டாம், நேரம் மட்டும் போதும்.

திருப்புவனத்தில் வேறு மாதிரி. முதல்வர் மு.க.ஸ்டாலின் குடும்பத்திடம் போனில் வருத்தம் தெரிவித்தார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, மாவட்ட எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். இங்கே தகவல் வேகமாகத்தான் போனது. ஆனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது வேறு: நகைத் திருட்டுப் புகாருக்கு முதல் தகவல் அறிக்கையே இல்லாமல் தனிப்படை யார் உத்தரவில் இறங்கியது? பிறகு அனுமதியில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி உத்தரவு போனது. கலைக்கச் சொன்னவர்களிடம், எத்தனை கலைந்தன, அவற்றை அமைத்த ஆணைகள் எங்கே என்று கேட்கவேண்டும். மன்னிப்புக் கேட்ட தலைவரிடம் மேற்கொண்டு கேட்க நிருபர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படவேண்டியதில்லை.

ஆணையம் போட்டுவிட்டால்

விசாரணை ஆணையம் அறிவித்ததும் கேள்விகள் எல்லாம் அடங்கிவிடும். அறிவிப்பதன் நோக்கமே பாதி அதுதான். ஆணைய வரம்புகளை அரசிதழில் படித்து, அதில் தலைமைச் செயலகத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையேயான தகவல் தொடர்பு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த வாரமே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஆணையத்துக்கும் பிரமாண வாக்குமூலம் கொடுங்கள். உங்கள் நேரக்கோட்டையும் வெட்டாத பேட்டிப் பதிவையும் அதோடு இணைத்துவிடுங்கள்.

1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்படி, அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு பேரவையில் வைக்கவேண்டும். தூத்துக்குடி அறிக்கை 2022 மே 18-இல் கிடைத்து அக்டோபர் 18-இல் வைக்கப்பட்டது. 17 போலீஸார்மீதும் அப்போதைய கலெக்டர்மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரை இருந்தது. நடவடிக்கைக் குறிப்பில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதியிருக்கும் வரிகளை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கோப்பு எண், இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று தகவல் உரிமை மனு போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மனுவை மறுபடி போடுங்கள்.